வேலுச்சாமி அண்ணன் ஸ்டீரியோவுக்கு நான் இழுத்த கேபிள்

என் மருமகன் கெட்டிக்காரர். ஈப்போவில் நல்ல வேலை, நல்ல வீடு. ஆனால் பாட்டு கேட்கும் விஷயத்தில் மட்டும் மூளையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஸ்டீரியோவுக்கென்று புதிதாக வாங்கிய ஒரு மின்சாரக் கேபிளைக் காட்டினார். சுவரிலுள்ள சாக்கெட்டிலிருந்து செட்டுக்குப் போகிற சாதாரணக் கேபிள்தான். ஆனால் என் கட்டைவிரலை விடத் தடிமன். வெல்வெட் பைக்குள் போட்டுத் தந்திருக்கிறார்கள்.

"மாமா, நீங்க முப்பது வருஷம் எஸ்டேட்ல வயர்மேனா இருந்தவங்க. இத மாட்டுனா சத்தம் நல்லா ஆகுமா, ஆகாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டு யோசிக்கிறேன் என்றேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அந்தக் கேள்விக்கு ஒருமுறை யோசிக்காமல் பதில் சொல்லி, ஒரு மனிதனின் கையையே வாங்கிவிடப் பார்த்தவன் நான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கேமரன் மலையில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். தானா ராத்தா பட்டணத்திலிருந்து லோரியில் போனால் முக்கால் மணி நேரம். பெயர் வேண்டாம், தேயிலை எஸ்டேட் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறித்தவர்கள். எனக்கு மலைச்சரிவில் நின்றால் தலை சுற்றும் என்பதால் தொழிற்சாலையில் தள்ளிவிட்டார்கள். இரண்டு வருடம் ஏணி தூக்கினேன். மூன்று வருடம் ஸ்குரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தேன். ஒருமுறை பலமாக ஷாக் அடித்து, தேயிலை மூட்டை மேல் போய் விழுந்தேன். அதன் பிறகு என்னை வயர்மேன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் சார்ஜ்மேன் தோமஸ். எஸ்டேட்டின் மின்சாரம் முழுவதும் அவர் பொறுப்பு. கேரளாவிலிருந்து வந்த குடும்பம், பேசுவது எங்கள் எஸ்டேட் தமிழ். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் திட்டவும் மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "கோபாலு, இத மீட்டர் சொல்லுச்சா, நீ சொல்றியா?" என்று கேட்பார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம் என்று தோன்றும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மோட்டாரில் கை வைப்பதற்கும் முன்னால், கைக்கடிகாரத்தைக் கழற்றி இடது பையில் போடுவார். பிறகு அந்த மோட்டாரின் ஃபியூஸ் கட்டையை, உள்ளங்கையளவு இருக்கும் வெள்ளைப் பீங்கான் கட்டையை, போர்டிலிருந்து உருவி வலது பையில் போடுவார். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன்.

"சுவிட்ச எவன் வேணா போடலாம். ஃபியூஸ் என் பாக்கெட்ல இருந்தா துரையே வந்தாலும் போட முடியாதுலா," என்றார். நாங்கள் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வோம்.

எங்கள் தொழிற்சாலையில் ரோலர் அறை என்று ஒன்று. வாட்டிய கொழுந்தை உருட்டிக் கசக்கும் பெரிய இயந்திரங்கள் ஆறு, ஒரே மோட்டாரில் பெல்ட் போட்டு ஓடும். மோட்டாரின் ஸ்டார்ட்டர் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம், எங்கள் எஞ்சின் அறையில். நடுவில் கனத்த சுவர். அங்கே யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு முறை வைத்திருந்தோம். ரோலரை நிறுத்திச் சுத்தம் செய்த பிறகு, அந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்து சொல்வான். நான் மின்சார மணியை மூன்று தரம் அடிப்பேன். கிணி கிணி என்று மெல்லிய கூரான சத்தம். இருபது எண்ணுவேன். பிறகு ஸ்டார்ட்டரைப் போடுவேன். மணி கேட்டதும் எல்லாரும் கையை எடுத்துவிட வேண்டும்.

ரோலர் அறைக்குத் தலைவர் வேலுச்சாமி அண்ணன். இருபது வருடமாக அதே இரைச்சலில் நின்றவர். பேரிங் தேய்ந்திருந்தால், பெல்ட் தளர்ந்திருந்தால், தூரத்தில் நின்றே, "மூணாம் நம்பர் முனகுது, போய்ப் பாரு," என்பார். பார்த்தால் சரியாக இருக்கும். அந்தக் காதுக்கு எஸ்டேட் முழுக்க மரியாதை. கோயிலில் பஜனைக் கோஷ்டியை நடத்துவதும் அவர்தான். ஜால்ராவைக் கையில் எடுத்தாரென்றால் ஐம்பது பேரும் அவர் தாளத்துக்குக் கட்டுப்படுவார்கள். அந்த ஜால்ரா அவர் அப்பா கப்பலில் வரும்போது கொண்டு வந்தது.

எழுபதுகளின் கடைசியில் வேலுச்சாமி அண்ணன் ஒரு ஸ்டீரியோ வாங்கினார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் முதல் ஸ்டீரியோ. ரெக்கார்ட் பிளேயர், இரண்டு ஸ்பீக்கர், எல்லாம் உண்டு. அந்த வருடம் திருவிழாவுக்குப் புதுப் பஜனைப் பாட்டுகளை ரெக்கார்டில் கேட்டுக் கற்றுக்கொண்டு பாட வேண்டும் என்பது அவர் திட்டம். முந்தின வருடம் தாளம் தப்பியது என்று யாரோ பின்னால் பேசியது அவர் காதுக்கு வந்துவிட்டது. இந்தத் திருவிழாவில் வாயை அடைக்க வேண்டும். இல்லையென்றால் ஜால்ராவை இன்னொருவன் கேட்பான்.

செட்டு வந்த இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கோபாலு, செட்டு ரொசாக்கா, கரண்டு ரொசாக்கான்னு தெரியல, எதுவோ கெட்டுப்போச்சு. பாட்டு வருது, தாளம் வர மாட்டேங்குது. ஃபேக்டரி கரண்ட உறிஞ்சிருதுன்னு நெனக்கிறேன்."

வெளியாளுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை. தொழிற்சாலையில் தேயிலை உலர்த்தும் டிரையரின் பெரிய விசிறி ஓட ஆரம்பித்தால் லயத்தில் பல்பு மங்கும். சோறு வேகவில்லையா, ரேடியோ கரகரக்கிறதா, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையா, எல்லாவற்றுக்கும் எங்கள் லயத்தில் ஒரே காரணம், ஃபேக்டரி கரண்டை உறிஞ்சுகிறது. நானும் அந்த லயத்தில் பிறந்தவன்தானே.

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே ஒரு கோளாறு இருந்தது. கூரைக்குள் வயர் இணைப்பு ஒன்று தளர்ந்து கருகிப் போயிருந்தது. வெட்டி எடுத்துச் சரியாக முறுக்கிப் போட்டேன். கரகரப்பு நின்றது. அந்த வேலையை இன்றைக்கும் நான் மறுக்க மாட்டேன். கெட்ட இணைப்பு கெட்ட சத்தம் தரும். அத்தோடு என் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். "தாளம் இன்னும் வரல."

டிரையர் மோட்டாருக்குப் போட்ட கேபிளில் மிச்சத் துண்டு ஒன்று ஸ்டோரில் கிடந்தது. ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியிடம் கெஞ்சி வாங்கினேன். செட்டின் மெல்லிய வாலை வெட்டி ஒரு சாக்கெட் வைத்தேன், அந்தத் தடித்த கேபிளை அதில் மாட்டினேன். சுவரிலிருந்து ஸ்டீரியோ வரைக்கும் மலைப்பாம்பு படுத்த மாதிரி கிடந்தது. லயமே வேடிக்கை பார்க்க வந்தது. பாட்டைப் போட்டார்கள். "ஆகா," என்றார் ஒருவர். "பாடுறவன் பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கே," என்றார் இன்னொருவர். வேலுச்சாமி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

"வித்தியாசம் தெரியுதாடா?"

"நல்லா தெரியுதுண்ணே. தாளம் கணீர்னு வருது," என்றேன்.

தாளம் கணீரென்றுதான் வந்தது. அதற்கு முன்பும் அப்படித்தான் வந்தது. ஆனால் நான் இழுத்த கேபிள் அல்லவா? கூட்டம் வேறு கூடியிருந்தது. எனக்கும் வித்தியாசம் கேட்ட மாதிரியே இருந்தது, சத்தியமாக. அவர் தலையை ஆட்டினார். தனக்கு மட்டும்தான் இன்னும் பழகவில்லை போல என்று எண்ணியிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலையில் ஒரு கதை உலவியது. ரோலருக்கடியில் அடைத்த இலையை வேலுச்சாமி அண்ணன் கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தாராம், மணி அடித்தும் எடுத்துக்கொண்டே இருந்தாராம், கூட வேலை செய்யும் முனியாண்டி அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தானாம். அண்ணன் திரும்பி அவனை அறையப் போனாராம். தேநீர் நேரத்தில் முனியாண்டி அதை நடித்துக் காட்டினான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார்.

ஒரு மாதம் போனது. தனக்கென்று பவர் ஹவுஸிலிருந்து தனி லைன் இழுத்துத் தர முடியுமா என்று கேட்டார் அண்ணன். திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. தனி லைன் என்றால் என் கையில் இல்லை. சார்ஜ்மேனிடம் போனேன்.

தோமஸ் முழுவதும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். நான் அந்தக் கேள்விக்குத் தயாரானேன். ஆனால் அவர், "ஞாயித்துக்கெழம மத்தியானம் வர்றேன். ஃபேக்டரி ஓடாது. யாரு கரண்ட யாரு உறிஞ்சுறான்னு பாப்போம்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது, எங்கள் மலையில் அது அபூர்வம். தோமஸ் முதலில் கேபிளைப் பார்த்தார். பிளக்கைத் திறந்தார். தடித்த கம்பி பிளக்கின் துளைக்குள் நுழையாததால், நான் இழைகளில் பாதியை வெட்டிவிட்டு மீதியைத் திணித்திருந்தேன். அதைச் சொல்லியிருக்கவில்லை.

"இவ்வளவு அகலமா ரோடு போட்டு, வாசல்ல வந்து ஒத்தையடிப் பாதையாக்கிட்டியே," என்றார். பிறகு வீட்டு ஃபியூஸ் கட்டையை உருவி, அதில் தலைமுடி போல ஓடும் கம்பியை என் கண் முன்னால் பிடித்தார். "எல்லாக் கரண்டும் இது வழியாத்தான் வந்தாகணும். இத மறந்துட்ட."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் சோதனை.

சமையலறை வாசலில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டினார். ஸ்டீரியோ முன்னறையில், அதன் வால் மட்டும் பெட்ஷீட்டுக்குப் பின்னால். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தார், மெல்லிய வயர் ஒன்று, தடித்த கேபிள் ஒன்று. இந்தப் பக்கம் அண்ணனும் நானும். ரெக்கார்டில் ஊசி வைப்பது அண்ணன் மனைவி சரோஜா அக்கா. ஒவ்வொரு தரமும் அதே பாட்டின் முதல் அடி. தடித்த கேபிள் என்று தோன்றினால் தீக்குச்சியைத் தலை மேலாக வைக்க வேண்டும், மெல்லியது என்றால் தலைகீழாக. ஒருவர் குச்சியை ஒருவர் பார்க்கக் கூடாது. தோமஸ் சில தரம் மாற்றினார், சில தரம் மாற்றுகிற சத்தத்தை மட்டும் காட்டிவிட்டு அதையே திரும்பச் சொருகினார். எது எது என்று சமையலறைச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டார்.

பத்துத் தரம். எனக்கு நாலு சரி. அண்ணனுக்கு ஐந்து.

"நாணயத்த சுண்டிப் போட்டிருந்தாலும் இதேதான் வரும்," என்றார் தோமஸ், பெட்ஷீட்டை விலக்காமல். "கோபாலு, கணீர்னு வந்துச்சே, அது எங்க?"

நான் என் தீக்குச்சிகளை மறுபடி எண்ணினேன்.

"எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் கேட்டுச்சு," என்றார் சரோஜா அக்கா. "ரெண்டுலயும் தாளம் நல்லாத்தான் வருது. இதுக்கா ஊரக் கூட்டுனீங்க?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார். "எதுல தாளம் வருது?"

"எல்லாத்துலயும்தான். ஆரம்பத்துலேருந்து வருதே."

"எங்க வருது? எனக்கு ஒன்னும் வரலயே."

சாமி அலமாரி சமையலறையில்தான் இருந்தது. அதிலிருந்து தோமஸ் எதையோ எடுப்பது பெட்ஷீட்டில் நிழலாகத் தெரிந்தது. பிறகு ஜால்ராச் சத்தம் வந்தது. அண்ணனின் ஜால்ரா. மெதுவாக, ஒரே சீராக, கிண், கிண், கிண். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். வேலுச்சாமி அண்ணன் கையில் அடுத்த தீக்குச்சியை வைத்துக்கொண்டு, காதைச் சாய்த்து, பொறுமையாகக் காத்திருந்தார்.

"என்ன சார், இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார்.

ஜால்ரா நின்றது. தோமஸ் வெளியே வந்தார். அண்ணன் அவர் கையைப் பார்த்தார், அதிலிருந்த ஜால்ராவைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகத் தீக்குச்சியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். தோமஸ் ஜால்ராவை அவர் மடியில் வைத்துவிட்டு, தேநீர் வாங்கிக் குடித்தார். பேரிங் முனகுவதும் பெல்ட் அடிப்பதும் கனத்த சத்தங்கள், அவை அண்ணனுக்குக் கேட்டன. மெல்லிய கூரான சத்தங்கள் மட்டும் எப்போதோ போய்விட்டன. அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கும்தான்.

மேட்டில் ஏறித் திரும்பும்போது தோமஸ் பாதி வழியில் நின்றார்.

"ரோலர் ரூம் மணி என்ன சத்தம் போடும்?"

அப்படியே தேயிலைச் செடி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கிணி கிணி. முனியாண்டி பெல்ட்டைப் பிடித்து இழுத்தது. நாங்கள் சிரித்தது. அன்றைக்கு மணியை அடித்தவன் நான், இருபது எண்ணியவன் நான், ஸ்டார்ட்டரைப் போட்டவனும் நான்.

அன்று மாலையே தொழிற்சாலையைத் திறந்தோம். தடித்த கேபிளை லயத்திலிருந்து சுருட்டி வந்திருந்தேன். ரோலர் அறையின் நடுவில் பெரிய சிவப்பு பல்பு, மணியை அழுத்தினால் அதுவும் எரியும். அந்த வேலைக்கு அவ்வளவு தடித்த கேபிள் தேவையே இல்லை, ஆனால் தோமஸ் அதையே போடச் சொன்னார். திங்கட்கிழமை காலை அந்த அறையிலிருந்த எல்லாரையும் ஒவ்வொருவராகத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னால் மணியை அடித்துப் பார்த்தார். இன்னும் மூன்று பேருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அண்ணன் எங்கள் அறைக்கு வந்தார். காது போனவன் என்று துரைக்குத் தெரிந்தால் வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும். அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

"எழுதப் போறீங்களா சார்?"

"எழுதித்தான் ஆகணும் வேலு. ரோலர் ரூம்ல மணி கேக்கறதில்லன்னு எழுதுவேன். யாருக்குக் கேக்கலன்னு துரை கேட்டா, டிரையர் இரைச்சல்ல நின்னு பாருங்க, உங்களுக்கே கேக்காதுன்னு சொல்லுவேன்." பிறகு மோட்டாரின் வெள்ளை ஃபியூஸ் கட்டையை உருவி அண்ணனிடம் நீட்டினார். "இன்னையிலேருந்து ரோலருக்குள்ள கை விடறதுக்கு முன்னால இது உன் பாக்கெட்ல இருக்கணும். நீ கொண்டு வந்து குடுத்தாத்தான் இவன் போட முடியும்."

அண்ணன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது என்னிடம் நின்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீயும் வித்தியாசம் தெரியுதுன்னு சொன்னியேடா கோபாலு. எல்லாருக்கும் கேக்குது, நமக்குத்தான் கவனம் பத்தலன்னு நெனச்சு, ஒரு மாசமா அந்த ஸ்பீக்கர் மேலயே காத வெச்சிட்டுக் கெடந்தேன். தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

அவர் ரோலர் அறைக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் திருவிழாவில் யாரும் எதிர்பார்க்காததைச் செய்தார். எல்லார் முன்னாலும் ஜால்ராவைச் சரோஜா அக்காவிடம் கொடுத்தார். பெண் பிள்ளை ஜால்ரா போடுவதா என்று முணுமுணுத்தார்கள். எனக்குக் காது கேட்கவில்லை, இவள் கையைப் பார்த்துத்தான் பாடப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். பாட்டு முழுவதும் அக்காவின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓர் அடிகூடத் தப்பவில்லை. நான் தூணோரத்தில் நின்று அழுதேன். தோமஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஏழெட்டு வருடம் அதே அறையில் வேலை பார்த்து, பத்து விரலோடு ஓய்வு பெற்று, லெம்பா பெர்த்தாமில் மகனின் காய்கறித் தோட்டத்துக்குப் போனார் அண்ணன். தோமஸ் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எண்பதுகளின் பாதியில், அவர் விட்டுப்போன மேசை இழுப்பறையில், உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று ஈப்போவில் மருமகன் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு போய் வந்தார். புதுக் கேபிளை மாட்டினார், ஒரு பழைய பஜனைப் பாட்டைப் போட்டார். என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டேன்.

"இப்ப வித்தியாசம் தெரியுதா மாமா?"

"தெரியல மாப்பிள்ளை."

"அந்த ஜால்ரா சத்தம்கூட? எவ்வளவு தெளிவா வருது பாருங்க."

ஜால்ரா இருக்கிறதா என்று அவரிடம் திருப்பிக் கேட்கவில்லை. முப்பது வருடம் நான் எஞ்சின் அறை இரைச்சலில் நின்றவன்.

"எனக்குக் கேக்கல மாப்பிள்ளை. கேபிள் மேல தப்பு இல்ல," என்றேன்.

அவர் சத்தத்தைக் கூட்டப் போனார். மகள் வேண்டாமென்று கை காட்டினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை என் புறங்கையில் ஒற்றை விரலால் தாளம் போட்டாள்.